முதல் வார்கேம் போட்டிக்குப் போகிறவர்களுக்கு

சரித்திரப் போர்களைப் பலகையில் ஆடும் வார்கேம்களை வீட்டில் ஆடிப் பழகியவர்கள்கூட, போட்டி என்றதும் பின்வாங்குகிறார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லாம் இருபது முப்பது வருஷமாக ஆடுகிறவர்கள், நாம் போய் என்ன செய்வது என்ற தயக்கம். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் விதிகளைத் தெரிந்துகொண்டு வந்து, தெளிவாக ஆடி, நேரத்துக்கு முடிக்கும் புதியவரை அவர்கள் சந்தோஷமாக எதிரே உட்காரவைப்பார்கள். அப்படிப் போய் உட்காருவதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு அமெரிக்காவின் உலக போர்டுகேமிங் சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாக டபிள்யூ.பி.சி. இந்தப் பொழுதுபோக்கின் வேரிலிருந்தே வந்தது அது. சார்லஸ் ராபர்ட்ஸ் 1954-இல் ‘டாக்டிக்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். 1958-இல் அவலான் ஹில் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1990-களில் அவலான்கான் என்ற பெயரில் போட்டிகள் நடத்தியது. 1998-இல் நிறுவனம் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆடுகிறவர்களே சேர்ந்து போர்டுகேம் பிளேயர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தின் வழியாக 1999 முதல் டபிள்யூ.பி.சி.யை நடத்திவருகிறார்கள். முதலில் மேரிலாந்து, பிறகு பென்சில்வேனியாவின் லான்காஸ்டர், 2016 முதல் அதே மாநிலத்தின் மலைப்பகுதியில் உள்ள செவன் ஸ்பிரிங்ஸ் விடுதி. கோடையில் ஒரு வாரத்துக்கு மேல் நடக்கிறது. ஜெயித்தவர்களுக்குப் பணம் கிடையாது, மரத்தாலான ஒரு பட்டயம்தான். அந்த மரத்துண்டுக்காக வருஷா வருஷம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

படி 1: ஒரே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்

நிகழ்ச்சி நிரலைத் திறந்தால் தலை சுற்றும், அத்தனை போட்டிகள். ஆசைப்பட்டு நாலைந்தைக் குறித்துக்கொள்ளாதீர்கள். முதல் முறை போகிறவர் ஒன்றை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எதை எடுப்பது என்பதை நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். முதல் உலகப் போரைப் பற்றிய ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ அருமையான விளையாட்டு, ஆனால் ஒரு ஆட்டமே முழு நாளை விழுங்கிவிடும். ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ விதிகள் ஒரு தடித்த ஃபைல் நிறைய இருக்கும். பனிப்போரைப் பற்றிய ‘ட்வைலைட் ஸ்ட்ரகிள்’ மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். அதில் சீட்டுகள் அத்தனையையும் அறிந்தவர் எதிரே இருந்தால் புதியவர் திணறுவார். நான் கைகாட்டுவது இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ‘மெமாயர் 44’. ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டைப் போட்டுத்தான் படைகளை நகர்த்த வேண்டும். ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து, நார்மண்டி தரையிறக்கத்தின் 60-வது ஆண்டான 2004-இல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும், விதிகளை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். இதெல்லாம் நிஜ வார்கேமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். படையைப் பிரித்து வைப்பது, பின்வாங்கக் கற்றுக்கொள்வது, கையில் இருக்கும் சீட்டுக்கேற்பத் திட்டத்தை மாற்றுவது எல்லாம் இதிலேயே இருக்கிறது.

தேர்ந்தெடுத்ததும் அந்தப் போட்டிக்கான குறிப்பைப் படியுங்கள். எந்தப் பதிப்பு, எந்த சினாரியோ (அதாவது எந்தச் சண்டையை ஆடுவது), எத்தனை சுற்று, ஆரம்பத்தில் கற்றுக்கொடுக்கும் வகுப்பு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். வகுப்பு இருந்தால், விதிகள் தெரிந்திருந்தாலும் போய் உட்காருங்கள்.

படி 2: பகடையின் கணக்கை மனதில் ஏற்றுங்கள்

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ‘மெமாயர் 44’ பகடையின் ஆறு முகங்களில் இரண்டில் காலாட்படை, ஒன்றில் டாங்கி, ஒன்றில் கையெறி குண்டு, ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் கொடி. காலாட்படையைச் சுட்டால் காலாட்படை முகமும் குண்டும் அடி. அதாவது ஆறில் மூன்று, சரிபாதி. டாங்கியைச் சுட்டால் டாங்கி முகமும் குண்டும் மட்டும், ஆறில் இரண்டு. பீரங்கியைச் சுட்டால் குண்டு மட்டும்தான், ஆறில் ஒன்று. கொடி விழுந்தால் எதிரி ஒரு கட்டம் பின்வாங்க வேண்டும்.

காலாட்படை பக்கத்துக் கட்டத்தைச் சுட்டால் மூன்று பகடை, இரண்டு கட்டம் தள்ளி இருந்தால் இரண்டு, மூன்று கட்டம் என்றால் ஒன்று. டாங்கிக்கு மூன்று கட்டம் வரைக்கும் மூன்று பகடைதான். இப்போது எதிரியின் காலாட்படை காட்டுக்குள் நிற்கிறது என்று வையுங்கள். காடு, தாக்கும் காலாட்படையிடமிருந்து ஒரு பகடையைப் பிடுங்கும். டாங்கியிடமிருந்து இரண்டைப் பிடுங்கும். மூன்று பகடையோடு பெருமையாக வந்த டாங்கிக்குக் கையில் மிஞ்சுவது ஒன்று. பாதி வாய்ப்பில் ஒரு சிப்பாய் விழுவார், அவ்வளவுதான். வெட்டவெளியில் என்றால் அதே டாங்கி சராசரியாக ஒன்றரைப் பேரை வீழ்த்தும். அதனால் டாங்கியைக் காட்டோடு மோதவிடாமல், வெளியில் அகப்பட்டவர்கள் மேல் அனுப்புங்கள். காட்டையும் ஊரையும் பீரங்கிக்கு விடுங்கள். பீரங்கிக்கு நிலப்பரப்பால் பகடை குறைவதில்லை, எதிரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இன்னொரு விஷயம் புதியவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நான்கு பொம்மைகள் உள்ள காலாட்படைப் பிரிவு அடி வாங்கி ஒன்றாகக் குறைந்தாலும் அதே அளவு பகடையைத்தான் உருட்டும். அதன் தாக்கும் பலம் குறைவதில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பொம்மை விழுந்தால் எதிராளிக்கு ஒரு பதக்கம். பதக்கக் கணக்கில்தான் வெற்றி. ஆகவே ஒற்றைப் பொம்மைப் பிரிவை எதிரிக்கு எட்டாத இடத்துக்கு இழுத்துவிடுங்கள். எதிரி தானாகத் தேடி வந்தால் அது முழு பலத்தோடு திருப்பி அடிக்கும். ஒரு சீட்டைப் பின்வாங்கலுக்குச் செலவழிக்க மனம் வராது. அந்த மனத்தடையை உடைத்தவர்தான் அடுத்த சுற்றுக்குப் போகிறார்.

படி 3: இரண்டு பக்கமும் ஆடிப் பாருங்கள்

சரித்திரம் சமமாக இருந்ததில்லை, சினாரியோக்களும் அப்படித்தான். பெகாசஸ் பாலம் சினாரியோவை எடுங்கள். 1944 ஜூன் 6 அதிகாலை, பிரிட்டிஷ் மேஜர் ஜான் ஹோவர்டின் ஆட்கள் மூன்று கிளைடர்களில், அதாவது எஞ்சின் இல்லாத விமானங்களில், நார்மண்டியில் உள்ள அந்தப் பாலத்தின் பக்கத்திலேயே இறங்கி, சில நிமிஷங்களில் அதைப் பிடித்தார்கள். விளையாட்டிலும் பிரிட்டிஷ் பக்கம் 6 சீட்டுகளோடு முதலில் தொடங்குகிறது. ஜெர்மன் பக்கத்துக்கு ஆரம்பத்தில் 2 சீட்டுகள்தான். திடுக்கிட்டு எழுந்த காவல்படை அந்தச் சீட்டு எண்ணிக்கையிலேயே தெரிகிறது. இதனால்தான் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடி, மொத்தப் பதக்கங்களைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிக்கிறார்கள். பலவீனமான பக்கத்தில் தோற்கும்போதும் இரண்டு பதக்கம் தேற்றிக்கொள்வது எப்படி என்று பழகுங்கள். வீட்டில் ஆடும்போது அதை யாரும் பழகுவதில்லை.

நீண்ட விளையாட்டுகளில் இரண்டு முறை ஆட நேரம் இருக்காது. அங்கே ஏலம் நடக்கும். ‘ட்வைலைட் ஸ்ட்ரகிள்’ போட்டியில், எனக்கு இந்தப் பக்கம் வேண்டும், அதற்காக உங்களுக்கு இத்தனை செல்வாக்குப் புள்ளி தருகிறேன் என்று பேசி முடிப்பார்கள். உங்கள் உச்ச வரம்பை மேசைக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் ஆடப்போகும் போரைப் பற்றி ஒரு புத்தகமாவது படித்துவிட்டுப் போனால் ஆட்டம் வேறு மாதிரி இருக்கும். வட ஆப்பிரிக்கப் போர் விளையாட்டுகளில் 4-வது இந்திய டிவிஷனின் கவுண்டர்கள், அதாவது படைப்பிரிவைக் குறிக்கும் அட்டைக் காய்கள், வரும். அந்த டிவிஷனில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையினரும் இருந்தார்கள். அந்தச் சின்ன அட்டைத்துண்டை நகர்த்தும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கை ஒரு கணம் நிற்கும்.

படி 4: மேசையில் உட்கார்ந்த பிறகு

ஒவ்வொரு போட்டிக்கும் ஜி.எம். என்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவரும் நம்மைப் போல ஆடுகிறவர்தான், ஆசைக்காக அந்த வேலையைச் செய்கிறார். முதல் முறை வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். எதிராளியிடமும் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரும்பாலானவர்கள் அதற்கேற்ப விளக்கமாக ஆடுவார்கள்.

பகடையைப் பெட்டி மூடிக்குள்ளோ தட்டிலோ உருட்டுங்கள். சாய்ந்து நின்றால் மறுபடி உருட்டுவதா என்பதை முதல் உருட்டலுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவு, எதைச் சுடுகிறது, எத்தனை பகடை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உருட்டுங்கள். பாதிச் சண்டைகள் இதைச் செய்யாததால்தான் வருகின்றன. நகர்த்திய காயைத் திரும்ப எடுக்கலாமா என்றால், பகடை உருளும் வரை பலரும் அனுமதிப்பார்கள். உருண்ட பிறகு கேட்காதீர்கள்.

விதியில் சந்தேகம் வந்தால் அந்த நொடியே கேளுங்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லையா, ஜி.எம்.மைக் கூப்பிடுங்கள். இரண்டு டர்ன் கழித்து, அப்போதே தப்பாக ஆடினீர்கள் என்று சொன்னால் யாராலும் சரிசெய்ய முடியாது.

அறுகோணக் கட்டமும் அட்டைக் கவுண்டரும் உள்ள பழைய பாணி விளையாட்டு என்றால் ஒரு கூடுதல் பழக்கம் தேவை. தாக்கும் பலத்தைக் காக்கும் பலத்தால் வகுத்து, மிச்சத்தைக் காப்பவருக்குச் சாதகமாக விட்டுவிடுவார்கள். 11-க்கு எதிராக 4 என்றால் அது 2-க்கு 1 மட்டுமே. எங்கிருந்தாவது 1 புள்ளி உள்ள ஒரு பிரிவைக் கொண்டுவந்து சேர்த்தால் 12-க்கு 4, அதாவது 3-க்கு 1. சண்டையின் முடிவைச் சொல்லும் அட்டவணையில் ஒரு பத்தி தள்ளிப் போய்விடுகிறது. அந்த ஒற்றைப் புள்ளிக்காகத்தான் எதிராளி பத்து நிமிஷம் பலகையையே பார்த்துக்கொண்டு இருப்பார். எதிராளி யோசிக்கும்போது நீங்களும் எண்ணிக்கொண்டே இருங்கள். உங்கள் முறை வந்ததும் எண்ணத் தொடங்குவதுதான் ஆட்டத்தை இழுக்கிறது.

படி 5: நேரமும் முடிவும்

சுற்றுக்கு நேர வரம்பு உண்டு. பாதி நேரம் முடிந்தும் ஆட்டம் பாதியைத் தாண்டவில்லை என்றால் எதிராளியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், வேகமும் கூட்டுங்கள். முடிந்ததும் முடிவை ஜி.எம்.மிடம் இருவருமாகப் போய்ச் சொல்லிவிட்டு, பெட்டியில் எல்லாக் காய்களும் இருக்கின்றனவா என்று பார்த்து அடுக்குங்கள்.

தோற்றால் உடனே எழுந்து போய்விடாதீர்கள். எந்த இடத்தில் ஆட்டம் கைமாறியது என்று கேளுங்கள். இதைச் சொல்லித்தர மறுப்பவர் அபூர்வம்.

பல போட்டிகள் ஹீட் முறையில் நடக்கின்றன. ஒரே போட்டியின் முதற்சுற்று வெவ்வேறு நாளில் வெவ்வேறு நேரத்தில் வரும். ஒன்றில் ஆடலாம், எல்லாவற்றிலும் ஆடலாம். அதிக வெற்றி பெற்றவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். ஒரு ஹீட்டில் ஜெயித்துவிட்டு, இது போதாது என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். தகுதி பெற்றவர்கள் அதே நேரத்தில் வேறொரு போட்டியில் மாட்டிக்கொண்டு வராமல் போவது அங்கே சகஜம். அப்போது அடுத்த இடத்தில் இருப்பவர்களைத்தான் ஜி.எம். கூப்பிடுவார். அதனால் பட்டியலில் சற்றுக் கீழே இருந்தாலும், அரையிறுதி தொடங்கப் பத்து நிமிஷம் முன்பே அறைக்குப் போய், மாற்று ஆளாக ஆடத் தயார் என்று பெயரைக் கொடுத்துவிடுங்கள்.