அந்தமான் பயணத் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம். இறங்கினால் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம். இதனாலேயே நம்மவர்கள் பலர் ஊட்டி, கொடைக்கானலுக்குப் போடுவது மாதிரியே அந்தமானுக்கும் திட்டம் போட்டுவிடுகிறார்கள்.

பேக்கேஜ்களில் ஒரு நாள் பாராடாங் தீவு என்று இருக்கும். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி. போர்ட் பிளேயரிலிருந்து விடியற்காலை மூன்று மணி வாக்கிலேயே வண்டி கிளம்பிவிடும். (2024-ல் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள், பேச்சில் பழைய பெயர்தான் ஓடுகிறது.) அத்தனை அவசரத்துக்குக் காரணம் ஜிர்காடாங் செக்போஸ்ட். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டி வரை அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா என்ற பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. நினைத்த நேரத்தில் அதில் போக முடியாது. வண்டிகளை வரிசையாகச் சேர்த்து, போலீஸ் காவலுடன், குறித்த நேரங்களில் மட்டும் கான்வாயாக அனுப்புவார்கள். முதல் கான்வாயைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே கலைந்துவிடும். உள்ளே வண்டியை நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, யாருக்கும் எதையும் கொடுக்கக்கூடாது.

விளம்பரத்தில் இருப்பது குகைதான். ஆனால் ஏஜென்டிடம் பலரும் கேட்பது, "ஜாரவா கண்ணுல படுவாங்களா?" என்றுதான். "லக் இருந்தா பார்க்கலாம் சார்" என்று பதில் வரும். தன் வீட்டு வாசலில் நிற்கும் மனிதரைப் பார்ப்பதற்கு லக் என்று பெயர்! அந்தமான் திட்டத்தில் இதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரியவில்லை.

ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டைக் காட்டி ஆட வைத்த வீடியோ 2012-ல் வெளியாகி உலகம் முழுக்கச் சந்தி சிரித்தது. பழங்குடியினரைப் பாதுகாக்கும் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை அந்த ஆண்டே திருத்தி இறுக்கினார்கள். பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தாலோ படம் எடுத்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை. செல்போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு "ரோட்டைத்தான் எடுத்தேன்" என்று சொல்வதெல்லாம் எடுபடாது.

அப்புறம் பிஸ்கட். "பாவம், பசியோட இருப்பாங்க" என்று நல்ல மனதோடு பொட்டலத்தை எடுப்பவர்கள் உண்டு. ஜாரவாக்கள் காட்டுப்பன்றி வேட்டையாடி, மீன் பிடித்து, தேன் எடுத்து வாழ்பவர்கள். நம் பிஸ்கட்டை எதிர்பார்த்து இல்லை. 1990-களின் கடைசியில்தான் அவர்கள் வெளியாரோடு பழக வந்தார்கள். 1999-லேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது, 2006-ல் மறுபடியும். நமக்கு நாலு நாள் காய்ச்சலாகப் போவது அவர்களுக்கு அப்படிப் போகாது. 1858-ல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றியபோது கிரேட் அந்தமானியர் என்ற இன்னொரு பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பெரிதும் நோயால் கரைந்து, 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர்.

ஜாரவா காட்டுக்குள் இந்தச் சாலையை மூடும்படி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் பாராடாங்கைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். அலையாத்திக் காட்டுக்கு நமக்குப் பிச்சாவரம் இருக்கிறது. சுண்ணாம்புக் குகை பார்க்க அரக்கு பக்கம் போரா குகை இருக்கிறது. வடக்கே ரங்கத், டிக்லிபூர் பக்கம் போக ஆசைப்படுபவர்கள் அரசுக் கப்பல் ஓடும் நாளை விசாரித்துக் கடல்வழியே போகலாம். இந்த மக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்குப் போர்ட் பிளேயரிலேயே மானிடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓர் அரை நாள் அதற்குக் கொடுங்கள்.

இன்னொரு குழப்பம், அந்தமானையும் நிக்கோபாரையும் ஒரே டிக்கெட்டாக நினைப்பது. நிக்கோபாரின் பழங்குடிப் பகுதிகளுக்கு இந்தியர்களுக்கும் பாஸ் வேண்டும். "சுற்றிப் பார்க்க" என்று சொன்னால் கிடைத்துவிடும் என்று நம்பி நாள் ஒதுக்காதீர்கள். வெளியாரை அண்டவிடாத பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினல் தீவு விஷயத்தில் பேச்சே இல்லை, அங்கே போகவே கூடாது. வெளிநாட்டவர் பர்மிட் வாங்க வேண்டிய தீவுகளின் பட்டியலிலிருந்து 2018-ல் பல தீவுகளை நீக்கியபோது அதுவும் நீங்கியது உண்மைதான். பழங்குடியினர் பாதுகாப்புத் தடை மட்டும் அப்படியே இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அங்கே திருட்டுத்தனமாக இறங்கிய அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்டார்; பணம் வாங்கிக்கொண்டு அவரைக் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். "கொஞ்சம் கிட்டப் போய்க் காட்டுங்க அண்ணா" என்று படகுக்காரரிடம் கெஞ்சுபவர்கள் அந்த மீனவர்களை நினைத்துக்கொள்ளட்டும்.

மற்றவை சில்லறைத் தவறுகள். ஹேவ்லாக், நீல் தீவுகளிலிருந்து திரும்பும் நாளிலேயே சென்னை விமானத்தைப் போடாதீர்கள். கடல் பொங்கினால் ஃபெர்ரி ரத்தாகும், விமானம் உங்களுக்காக நிற்காது. கடைசி இரவைப் போர்ட் பிளேயரில் வைத்துக்கொள்வதுதான் சரி. மே முதல் நவம்பர் வரை மழை வருமா என்று கேட்கவே வேண்டாம், இரண்டு பருவமழையும் அங்கே உண்டு. கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் மட்டும் முந்திக்கொள்ளும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுவதால் "நாலு மணிக்கு மேல பீச்" என்ற நம்மூர்க் கணக்கு அங்கே உதவாது. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கணுக்கால் தண்ணீரில்கூட நிற்க வேண்டாம். உப்புநீர் முதலை அங்கே நிஜமாகவே உண்டு, 2010-ல் ஹேவ்லாக்கில் நீந்தப்போன ஒரு சுற்றுலாப் பயணியைக் கொன்றிருக்கிறது. கரையில் கிடக்கிறதே என்று பவளத்துண்டையும் சங்கையும் பையில் போட்டுக்கொண்டால் விமான நிலைய ஸ்கேனரில் மாட்டும். குழந்தைகளின் பையையும் முந்தின இரவே ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள்.