டிஸ்பர்சன்ட் பேட்டன்டில் 'இது யாருக்கும் தோன்றுமே' என்றால் எப்படிப் பதில் எழுதுவது

கடலூர் சிப்காட்டில் இங்க் லேபில் வேலை பார்க்கிறேன். இங்க்ஜெட் இங்க்குக்குப் புதிய பாலிமர் டிஸ்பர்சன்ட் (பிக்மென்ட் என்ற நிறத்துகள்கள் நீரில் கட்டிசேராமல் பரவி நிற்க உதவும் பொருள்) செய்து விண்ணப்பித்தால், கிண்டி பேட்டன்ட் ஆபீஸின் முதல் அறிக்கையில் பெரும்பாலும் இந்த ஆட்சேபணை இருக்கும்: ஒரு பழைய ஆவணத்தில் ஸ்டைரீன்-அக்ரிலிக் பாலிமர் இருக்கிறது, இன்னொன்றில் உங்கள் மோனோமர் (பாலிமரைக் கட்டும் சிறு மூலக்கூறு) இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது துறை தெரிந்தவருக்குத் தானாகத் தோன்றும். பதில் தர 6 மாதம்.

முதலில் பேட்டன்ட் சட்டப் பிரிவு 2(1)(ஜேஏ)-வைப் படியுங்கள், துறை தெரிந்தவருக்கும் தோன்றாத படி எது என்று சொல்வது அதுதான். பட்டறையில் செய்கிற சிறு திருத்தம் போதாது என்று 1978-இலேயே, பாத்திரம் கடையும் லேத் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 'எங்கள் பாலிமர் நன்றாக வேலை செய்கிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். எதைவிட நன்றாக?

அவர்கள் காட்டிய ஆவணங்களில் உங்களுடையதற்கு மிக நெருங்கிய உதாரணத்தை லேபில் நீங்களே செய்யுங்கள். பிக்மென்ட், அளவு, பீட் மில் (சிறு மணிகளால் அரைக்கும் இயந்திரம்), அரைக்கும் நேரம் எல்லாம் ஒன்று. டிஸ்பர்சன்ட் மட்டும் வேறு. நான் ஒருமுறை அமில எண்ணையும் (பாலிமரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்ற அளவு) சேர்த்து மாற்றிவிட்டேன். 'வித்தியாசம் மோனோமரால் வந்ததா, அமில எண்ணால் வந்ததா?' என்று ஹியரிங்கில் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை, விண்ணப்பம் போயிற்று. இன்றும் மனசு ஆறவில்லை.

அடுத்த முறை ஒரே நீலப் பிக்மென்டில் ('பிக்மென்ட் புளூ 15:3' வகை) இரண்டு குப்பி, 60 டிகிரி ஓவனில் 4 வாரம். கவிழ்த்துப் பார்த்தபோது பழைய டிஸ்பர்சன்ட் குப்பியின் அடியில் நகக்கண் அளவு வண்டல் கெட்டியாக ஒட்டியிருந்தது. எங்களுடையது சுத்தமாக வழிந்தது. துகள் அளவு, பாகுத்தன்மை இரண்டையும் ஓவனுக்கு முன்னும் பின்னும் அளந்து அட்டவணையாகக் கொடுத்தோம்.

ஏன் தோன்றாது என்பதையும் எழுத வேண்டும். பாலிமரின் நீர் வெறுக்கும் பகுதி பிக்மென்டைப் பிடிக்கிறது, அயனிப் பகுதி நீருக்குள் நீள்கிறது. இங்க்கில் சேர்க்கும் கிளைக்கால் ஈதர் என்ற கரைப்பான் அந்தப் பிடியைத் தளர்த்தும். நீர் விரும்பும் மோனோமரைக் கூட்டினால் பிடி இன்னும் விட்டுப்போகும் என்றுதான் ரசாயனம் தெரிந்தவர் நினைப்பார். உங்கள் சோதனையில் அப்படி மோனோமரைக் கூட்டியும் பிடி இறுகியிருந்தால் அதைப் பதிலின் முதல் பத்தியிலேயே வையுங்கள்.

ஒரே விகிதத்தில் சோதித்துவிட்டு எல்லா விகிதத்துக்கும் உரிமை கேட்காதீர்கள். நிராகரித்துவிட்டால், 3 மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் தேதியிட்ட லேப் நோட்டு வேண்டும், குப்பிகளைத் தூக்கிப் போடாதீர்கள்.