வணிக ஆவணங்களை வீடியோவில் விளக்க எந்தக் கருவி? புதியவர்களுக்கான செய்முறை

கும்பகோணத்தில் அலுவலகம் வைத்துக் கணக்கு எழுதித் தருபவருக்கு வாடிக்கையாளர்கள் எல்லோரும் உள்ளூரிலேயே அமைவதில்லை. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருப்பவர், மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை நடத்துபவர், திருபுவனத்தில் பட்டுத் தறி போட்டிருப்பவர், அப்பாவின் கடைக் கணக்கைச் சிங்கப்பூரிலிருந்து விசாரிக்கும் மகன் என்று நாலு திசையிலும் இருக்கிறார்கள். பத்து நிமிட விளக்கத்துக்காக ஒருவரைப் பஸ் ஏறி வரச் சொன்னால் அவருடைய அரை நாள் போய்விடுகிறது. தொலைபேசியில் "மூன்றாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி" என்று சொன்னால் அந்தப் பக்கம் அப்போது அவர் கையில் இருப்பதில்லை. பிடிஎஃப் கோப்பை மட்டும் அனுப்பிவைத்தால் "சரி, பார்த்துக்கொள்கிறேன்" என்று பதில் வரும், அதோடு சரி. அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்கள் நிறைந்த பக்கத்தைத் துணையில்லாமல் படிப்பது பழகியவர்களுக்கே சிரமம்.

ஆவணத்தைத் திரையில் காட்டிக்கொண்டே பேசினால் இந்தச் சிரமம் பெருமளவு தீர்கிறது. கணக்காளர்கள், வரி ஆலோசகர்கள், வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரிப்பவர்கள், விலைப்புள்ளி அனுப்பும் சிறு தொழில் நடத்துபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கணினியில் எக்செல் திறக்கத் தெரிந்தால் போதும், செலவு எதுவும் செய்யாமலே தொடங்கலாம்.

படி 1: பார்ப்பவரிடமிருந்து தொடங்குங்கள்

எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளரை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் எதில் பார்ப்பார்? டெல்டாவில் பெரும்பாலோர் விஷயத்தில் இதற்குப் பதில் கைப்பேசிதான், அதிலும் வாட்ஸ்அப்தான். புதிய செயலியை இறக்கச் சொன்னாலோ, மின்னஞ்சல் கடவுச்சொல் கேட்டாலோ பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். எப்போது பார்ப்பார்? குறுவை அறுவடை நேரத்தில் ஆலைக்காரர் பகலில் உங்களோடு உட்கார்ந்து பேச மாட்டார். ஆவணத்தில் உள்ளது எவ்வளவு அந்தரங்கமானது? பாத்திரக் கடையின் விலைப்புள்ளியும் ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைக் கணக்கும் ஒரே வழியில் போகக் கூடாது.

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கருவி ஏறக்குறைய முடிவாகிவிடும்.

படி 2: நேரலையா, பதிவா?

முடிவு எடுக்க வேண்டிய ஆவணத்துக்கு நேரலை, புரிந்துகொள்ள வேண்டிய ஆவணத்துக்குப் பதிவு. இதுதான் நான் பின்பற்றும் விதி. கூட்டு வணிக ஒப்பந்தத்தில் லாபப் பங்கு யாருக்கு எவ்வளவு என்ற பத்தியைப் பதிவு செய்து அனுப்புவது சரிப்படாது. குறுக்கே கேள்வி வரும், முகம் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு, பற்று வரவு அறிக்கை, ஐந்தொகை போன்றவற்றுக்குப் பதிவே மேல். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மகளுக்கோ மருமகனுக்கோ அனுப்பி அபிப்பிராயம் கேட்கலாம். அண்ணன் தம்பி மூவர் சேர்ந்து நடத்தும் ஆலையில், மூவர் காதிலும் ஒரே வார்த்தைகள் விழுவது பின்னால் வரும் பல சச்சரவுகளைத் தவிர்க்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் பதிவு வசதி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்தங்கி இருக்கிறது.

படி 3: நேரலைக் கருவிகள்

ஒரே ஒருவருக்கு விளக்குவதென்றால் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பே போதும். 2023 முதல் அந்த அழைப்பிலேயே திரையைப் பகிர முடிகிறது. எதிரில் இருப்பவர் எதையும் நிறுவ வேண்டாம், அழைப்பை எடுத்தால் போதும். உங்கள் கைப்பேசித் திரையைப் பகிர்ந்தால் இடையில் வரும் செய்திகளும் அவர் கண்ணில் படும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இன்னொரு வாடிக்கையாளரின் வங்கிக் குறுஞ்செய்தி அந்த நேரம் பார்த்து மேலே எட்டிப்பார்த்தால் அது நம்பிக்கைக் குலைவு. பகிர்வதற்கு முன் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பை இயக்குங்கள். முடிந்தவரை கணினியிலிருந்தே அழைத்து, முழுத் திரைக்குப் பதிலாக அந்த ஆவணத்தின் சாளரத்தை மட்டும் பகிருங்கள்.

கூட்டாளிகள் பலர் சேர வேண்டும் என்றால் கூகுள் மீட் அல்லது ஜூம். இலவசக் கணக்கில் மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ உள்ள கூட்டத்தை ஒரு மணி நேரம் நடத்த விடுகிறது, ஜூம் 40 நிமிடம். இந்த வரம்புகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றும், ஆகையால் அழைப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 40 நிமிடத்தைக் குறையாக நான் நினைப்பதில்லை. அதற்கு மேல் நீளும் விளக்கத்தைக் கேட்பவர் மனதில் வாங்குவது சந்தேகம், இரண்டு நாளாகப் பிரித்துவிடலாம்.

ஜூமில் ஆவணத்தின் மேல் கோடு போட்டுக் காட்டலாம். இலவசக் கணக்கிலேயே கூட்டத்தைக் கணினியில் பதிவு செய்துகொள்ளலாம். மீட்டின் இலவசக் கணக்கில் பதிவு கிடையாது. பதிவு செய்வதானால் தொடங்கும் முன் அனைவரிடமும் வாய்விட்டு அனுமதி கேளுங்கள், அந்தச் சம்மதமும் பதிவில் இருக்கட்டும்.

படி 4: பதிவுக் கருவிகள்

கைப்பேசியிலேயே தொடங்கலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் திரைப்பதிவு வசதி உள்ளேயே வருகிறது, ஐபோனிலும் உண்டு. மைக் ஒலியைத் தேர்வு செய்ய மறந்தால் ஊமைப்படம்தான் கிடைக்கும், அதை முதலில் சரிபாருங்கள்.

விண்டோஸ் 11 கணினியில் 'ஸ்னிப்பிங் டூல்' என்ற சிறு செயலி இருக்கிறது. படம் வெட்டத்தான் பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் திரையின் ஒரு பகுதியை மட்டும் வளைத்து வீடியோவாகவும் அது பதிவு செய்யும். ஆவணத்துக்கு இது மிகப் பொருத்தம். எக்செல் தாளில் தேவையான நான்கு நெடுவரிசைகளை மட்டும் வளைத்தால் மற்றவை வீடியோவில் வரவே வராது. தொடக்கக்காரர் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

லூம் என்பது பதிவு முடிந்த கையோடு ஒரு இணைப்பைத் தந்துவிடும் சேவை. பார்த்தாரா என்று தெரியும். குறிப்பிட்ட நொடியில் அவர் கேள்வி எழுதலாம். இலவசக் கணக்கில் ஒரு வீடியோவுக்கு 5 நிமிடம், மொத்தம் 25 வீடியோ என்ற வரம்பு நீண்ட காலமாக இருந்து வருகிறது. மின்னஞ்சல் பழக்கம் உள்ள ஏற்றுமதியாளருக்கும் வெளியூர் நிறுவனத்துக்கும் இது அழகாகப் பொருந்தும். வீடியோ அந்த நிறுவனத்தின் சேமிப்பகத்தில் தங்குகிறது என்பதால் குடும்பச் சொத்து விவரங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓபிஎஸ் ஸ்டூடியோ முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள், நேர வரம்பு இல்லை, கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். முதல் நாள் அதன் திரையைப் பார்த்தால் கொஞ்சம் மிரட்டும். 'சோர்ஸ்' பகுதியில் ஆவணச் சாளரத்தையும் மைக்கையும் சேர்த்தால் மற்றவற்றைத் தொட வேண்டியதே இல்லை. நம் பகுதிக்கு முக்கியமான ஒன்று: பதிவு வடிவத்தை எம்கேவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவின் நடுவே மின்சாரம் போனால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்க முடியாமல் போகக்கூடும். எம்கேவியில் அதுவரை பேசியது பத்திரமாக இருக்கும். பிறகு 'ஃபைல்' பட்டியலில் உள்ள 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' மூலம் சில நொடிகளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும்.

படி 5: ஆவணத்தைத் தயார் செய்யுங்கள்

கருவிக்குச் செலவிடும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

முதலில் எழுத்தின் அளவு. உங்கள் பெரிய திரையில் தெளிவாகத் தெரிவது ஆறு அங்குலக் கைப்பேசியில் எறும்பு வரிசையாகிவிடும். எக்செல்லை 150 அல்லது 200 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். தேவையில்லாத நெடுவரிசைகளை மறைத்துவிடுங்கள், தலைப்பு வரிசையை நகராமல் நிலைநிறுத்துங்கள். சுட்டெலியின் அம்புக்குறியை விண்டோஸ் அமைப்பில் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுத்தால் வயதானவர்களும் தொடர்ந்து வருவார்கள்.

அடுத்து, மறைக்க வேண்டியவை. வங்கிக் கணக்கு எண், ஆதார், பான் ஆகியவை விளக்கத்துக்குத் தேவைப்படுவதில்லை. பலர் கவனிக்காத ஒன்று ஜிஎஸ்டி எண். அதன் 15 எழுத்து எண்களில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை இருப்பது பான் எண்ணேதான். தனி உரிமையாளர் கடையென்றால் அது அந்த மனிதரின் சொந்த பான். வாடிக்கையாளரின் சொந்த எண்ணை அவருக்கே காட்டுவதில் தவறில்லை. மாதிரிக்காக ஒருவருடைய கணக்கை இன்னொருவருக்குக் காட்டும்போது ஜிஎஸ்டி எண் உட்பட அனைத்தையும் மறைத்தாக வேண்டும். அதைவிட, கற்பனை எண்களில் ஒரு மாதிரித் தாள் தயாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பிடிஎஃப் பக்கத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து மறைப்பது வீடியோவுக்குப் போதும், அங்கே பார்வைக்குத் தெரிவது மட்டுமே பதிவாகிறது. அதே பிடிஎஃப் கோப்பைத் தனியாக அனுப்பிவிடாதீர்கள். கட்டத்துக்கு அடியில் எழுத்துகள் அப்படியே இருக்கக்கூடும், நகலெடுத்து ஒட்டினால் வெளியே வந்துவிடும்.

படி 6: பேசுங்கள்

மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், மைக் உள்ள கம்பி இயர்போனைப் போட்டுக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த மைக் எதுவும் வேண்டாம்.

முடிவை முதலில் சொல்லுங்கள். விளக்குப் பட்டறையின் ஜிஎஸ்டிஆர்-3பி கணக்கு, அதாவது மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டி படிவம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு:

"வணக்கம் ஐயா. இந்த மாதம் நீங்கள் கட்ட வேண்டிய வரி 22,500 ரூபாய். 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இந்தத் தொகை எப்படி வந்தது என்று இப்போது காட்டுகிறேன். விற்ற சரக்குக்கு நீங்கள் வாங்குபவர்களிடம் வசூலித்த வரி, இதோ இந்தக் கட்டத்தில், 84,000. பித்தளை வாங்கும்போது நீங்கள் ஏற்கெனவே கொடுத்த வரியில் கழித்துக்கொள்ளக்கூடியது 61,500. மீதிதான் 22,500."

இதற்குப் பிறகுதான் சிக்கலான இடம் வரும். "நான் 70,000க்கு மேல் வரி கொடுத்து வாங்கியிருக்கிறேனே, ஏன் 61,500 மட்டும் கழிகிறது?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்கும் முன் நீங்களே எடுங்கள். சரக்கு கொடுத்தவர் தன் விற்பனைக் கணக்கை உரிய நேரத்தில் தாக்கல் செய்தால்தான் அந்த வரி நம் 2பி அறிக்கையில், அதாவது கழித்துக்கொள்ளக்கூடிய வரியை ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் பட்டியலிட்டுத் தரும் அறிக்கையில் ஏறும். ஏறாததை இந்த மாதம் கழிக்க முடியாது. அவரது கொள்முதல் பதிவேட்டை ஒரு பக்கமும் 2பி அறிக்கையை மறுபக்கமும் வைத்து, விடுபட்ட பில்லை வண்ணமிட்டுக் காட்டுங்கள். எந்த வியாபாரியிடம் பேச வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிடும். வரைபடமோ நீண்ட உரையோ தராத தெளிவு இந்த ஒரு வண்ண வரியில் கிடைக்கும். வீடியோவின் முழுப் பயனும் எனக்குத் தெரிந்து இங்கேதான் இருக்கிறது.

அம்புக்குறியைச் சுழற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பேசும் கட்டத்தில் வைத்து நிறுத்துங்கள். தொகையை லட்சம், ஆயிரம் என்று முழுதாக வாசியுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் இரண்டு வீடியோவாக்குங்கள்.

படி 7: அனுப்புங்கள்

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுச் சிறிய எண்கள் மங்கிவிடும். இணைப்புக் குறியை அழுத்தி 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள், தரம் குறையாது. 2 ஜிபி வரை போகும், நம் வீடியோ அதில் சிறு துளிகூட வராது.

பெரிய கோப்புகளைக் கூகுள் டிரைவில் ஏற்றி, குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்பதைத் தவிர்க்கவும். யூடியூபில் 'பட்டியலிடப்படாதது' என்று ஏற்றுவது பத்திரம் என்று சிலர் நம்புகிறார்கள். இணைப்பு கைமாறினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆகவே வாடிக்கையாளரின் எண்களுக்கு அது கூடாது. தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. பிறர் விவரங்களைக் கையாளும் நாமெல்லாம் அதை மனதில் வைத்தே வேலை செய்ய வேண்டும். வேலை முடிந்த வீடியோவை எப்போது அழிப்பீர்கள் என்று முன்கூட்டியே தீர்மானித்து வாடிக்கையாளரிடமும் சொல்லிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் போட்டுப் பாருங்கள், வெயிலில் நின்று. எண்கள் தெரியாவிட்டால் படி 5க்குத் திரும்புங்கள்.

அனுப்பிய பிறகு "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "புரிந்தது தம்பி" என்றுதான் சொல்வார்கள். "எவ்வளவு கட்டப் போகிறீர்கள், எந்தக் கடைக்காரரிடம் பேசப் போகிறீர்கள் என்று ஒரு குரல் செய்தி போடுங்கள் ஐயா" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் தொகை மாறினால் உடனே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். கூடவே எழுத்திலும் நான்கு வரி அனுப்புங்கள்: எந்த ஆவணம், என்ன தேதி, எவ்வளவு தொகை, யார் என்ன செய்ய வேண்டும். கையெழுத்திடும் பத்திரமென்றால் வீடியோ பார்த்தவரும் காகிதத்தை முழுதாகப் படித்த பின்பே கையெழுத்திட வேண்டும் என்று அந்த நான்கு வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.

முதல் வீடியோவுக்கு உங்களோடு நன்கு பழகிய, கூச்சமில்லாமல் குறை சொல்லக்கூடிய வாடிக்கையாளர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். 2பி அறிக்கை 14ஆம் தேதி கைக்கு வரும். 15ஆம் தேதி பதிவு செய்து அனுப்பினால், அவர் பார்த்து, கேட்டு, பணம் புரட்டுவதற்கு 20 வரை அவகாசம் இருக்கும்.