புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளியும் நண்பர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டினுக்கு 2023 டிசம்பர் 22 அன்று புராஸ்டேட் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாளே அவர் வீடு திரும்பினார். புத்தாண்டு நாளில் வயிறு, இடுப்பு, கால் ஆகியவற்றில் கடும் வலியும் குமட்டலும் ஏற்பட, ஆம்புலன்சில் மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். சிறுநீர்த் தொற்று கண்டறியப்பட்டது, வயிற்றுக்குள் நீர் கோத்துக் குடலின் இயக்கமும் பாதிக்கப்பட்டிருந்தது. இத்தனை நடந்தும், அவருக்கு வந்தது புற்றுநோய் என்பதை அதிபர் ஜோ பைடன் ஜனவரி 9 அன்றுதான் அறிந்தார். பிப்ரவரி 1 அன்று செய்தியாளர்கள் முன் வந்த ஆஸ்டின், தம் நோயைப் பற்றி அதிபரிடமும் உடன் பணிபுரிபவர்களிடமும் சொல்லியிருக்க வேண்டும் என்று கூறி மன்னிப்புக் கேட்டார்.

பதவியால் வந்த சிக்கல் ஒருபுறம் இருக்க, ஒரு நோயாளியாக அவர் செய்தது பெரும்பாலான ஆண்கள் செய்வதுதான். இதயத்தில் அடைப்பு என்றால் எத்தனை ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதுவரை ஊருக்கே சொல்பவர்கள், புராஸ்டேட் என்றால் ‘சின்ன ஆபரேஷன்’ என்று மழுப்பிவிடுகிறார்கள். சிறுநீர் கசிவதும் தாம்பத்திய உறவில் தடங்கல் வருவதும் வெளியே பேசத் தகாதவை என்ற கூச்சமே இதற்குக் காரணம். ஆனால் இந்தச் சிகிச்சையிலிருந்து முழுமையாக மீள்வதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அந்தக் காலம் முழுவதற்கும் வீட்டாரை மட்டுமே நம்பியிருப்பது வீட்டாருக்கும் பெரும் சுமை. நண்பர்கள் கைகொடுக்கக்கூடிய இடங்கள் நிறைய உண்டு. அதே நேரம், விவரம் தெரியாத நண்பர்களின் அன்பே தொல்லையாக முடிவதும் உண்டு. ஆகவே இரு தரப்பின் தவறுகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையைச் சுற்றி அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. புற்றுநோய்க்கான அறுவையில் இந்தச் சுரப்பியும் அதையொட்டிய விந்துப்பைகளும் முழுவதுமாக அகற்றப்படுகின்றன. பிறகு சிறுநீர்ப்பையின் வாயையும் எஞ்சிய சிறுநீர்ப் பாதையையும் சேர்த்துத் தைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை, பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்கு, கதீட்டர் எனப்படும் குழாய் உள்ளே இருக்கும். சிறுநீரை அடக்கிவைக்க முன்பு இரண்டு தடுப்புகள் இருந்தன. மேலே உள்ளது இந்த அறுவையில் பெரும்பாலும் பழுதுபடுவதால், கீழே உள்ள தசையே அந்த வேலை முழுவதையும் ஏற்க வேண்டியிருக்கிறது. விறைப்புக்கான நரம்புகளும் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டியே ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றி அறுவை செய்யும் முறையை 1982இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் நடைமுறைக்குக் கொண்டுவந்தார் என்றாலும், காப்பாற்றப்பட்ட நரம்புகூட அறுவையின்போது இழுபடுவதால் தேறி வர நெடுங்காலம் பிடிக்கிறது.

வயிற்றைக் கீறிச் செய்தாலும் ரோபோ உதவியால் செய்தாலும் உள்ளே நடப்பது இதுதான். வயிற்றின்மேல் நான்கைந்து சின்னத் தழும்புகள் மட்டும் தெரிவதைப் பார்த்து ‘ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிட்டது’ என்று நோயாளியும் பார்க்க வந்தவரும் முடிவுகட்டிக்கொள்வதிலிருந்தே பல தவறுகள் தொடங்குகின்றன.

குழாயோடு இருக்கும் நாட்கள்

வீடு திரும்பிய முதல் வாரத்தில் நலம் விசாரிக்க ஆட்கள் வரிசையாக வருவார்கள். வந்தவர் முன்னால் சிறுநீர்ப் பை தொங்குவது சங்கடமாக இருக்கும் என்பதால், நோயாளி அதைத் தூக்கிக் கட்டில்மேல் தொடைக்கருகில் வைத்துப் போர்வையால் மூடிக்கொள்கிறார். பேச்சு ஒரு மணி நேரம் நீள்கிறது. அந்த நேரம் முழுவதும் பை, சிறுநீர்ப்பையின் மட்டத்திலேயோ அதற்கு மேலேயோ இருக்கிறது. குழாய் தொடைக்கடியில் மடங்கியும் போகிறது. சிறுநீர் இறங்காமல் தேங்குவதற்கும் தொற்று வருவதற்கும் இதைவிட நல்ல வழி வேண்டியதில்லை. பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழேயே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. குழாய் இழுபடாதபடி தொடையில் ஒட்டிவைக்கப்பட்டிருக்க வேண்டும். பை நிரம்பி வழியும்வரை காத்திராமல் முன்னதாகவே, கைகளைச் சோப்பால் கழுவிய பிறகு, காலி செய்ய வேண்டும். நண்பர்கள் இந்தச் சில நாட்களுக்குத் தொலைபேசியில் விசாரித்துக்கொள்வதே பேருதவி. நேரில் வந்தே ஆக வேண்டும் என்றால், பையைப் பார்த்து முகம் சுளிக்காதவர் ஒருவர் அல்லது இருவர், கால் மணி நேரம் மட்டும், வந்து போனால் போதும்.

எதற்குப் பதற வேண்டும், எதற்குப் பதறக் கூடாது என்பதில் இரண்டு பக்கமும் தடுமாற்றம் இருக்கிறது. நடந்த பிறகோ மலம் கழித்த பிறகோ சிறுநீர் இளஞ்சிவப்பாக வருவதும், குழாயைச் சுற்றி அவ்வப்போது சிறிது கசிவதும், விதைப்பை வீங்கிக் கன்றிப்போவதும் பலருக்கும் நேர்பவை. பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும். ஆனால் இரத்தக் கட்டிகள் வந்தாலோ, பையில் சிறுநீர் இறங்குவது நின்றாலோ, காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, வாந்தியோடு வயிறு உப்பினாலோ காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. குழாய் நழுவி வெளியே வந்துவிட்டால், தெருமுனைக் கிளினிக்கில் வேறொன்றைப் போட்டுக்கொள்வது பெருந்தவறு, ஏனெனில் கண்மூடித்தனமாக நுழைக்கப்படும் குழாய் ஆறாத தையலைக் கிழித்துவிடக்கூடும். அறுவை செய்த மருத்துவக் குழுவையே உடனே அழைக்க வேண்டும். அந்தக் குழுவின் எண் மனைவியின் கைபேசியில் இருந்தால் மட்டும் போதாது. நடு இரவில் கார் எடுத்துக்கொண்டு வரக்கூடிய நண்பர் ஒருவரிடமும் அது இருக்க வேண்டும்.

மலச்சிக்கலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதும் கூடாது. வலி மாத்திரைகளாலும் அசைவின்மையாலும் மலம் இறுகுகிறது. முக்கினால் தையலில் அழுத்தம் ஏறுகிறது. மருத்துவர் கொடுத்த மலமிளக்கியை வேண்டாம் என்று ஒதுக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, அவரைக் கேட்காமல் எனிமா கொடுக்கவே கூடாது, காரணம் மலக்குடல் அந்தத் தையலுக்கு நேர் பின்னால் இருக்கிறது. பார்க்க வருபவர்கள் இனிப்புப் பெட்டிக்குப் பதிலாகப் பப்பாளியோ கொய்யாவோ வாங்கி வரலாம்.

ஓய்வும் உழைப்பும்

‘அசையாமல் படுத்திரு’ என்று அன்போடு சொல்லும் நண்பர் தம்மை அறியாமல் ஆபத்தை வரவழைக்கிறார். இடுப்புப் பகுதியில் புற்றுநோய்க்காக அறுவை செய்தவர்களுக்கு முதல் நான்கு வாரங்களில் கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறைய வாய்ப்பு கூடுதல். அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கெண்டைக்காலில் வலியோ ஒரு காலில் மட்டும் வீக்கமோ இருந்தாலும், திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடைதான் முதல் தடுப்பு. வீட்டுக்குள்ளும் மொட்டைமாடியிலும் சிறுசிறு தூரமாக, நாளுக்குப் பலமுறை நடக்க வேண்டும். மாலையில் கூட வந்து நடக்கும் நண்பரைவிட நல்ல மருந்து இந்தக் கட்டத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

மறுபுறம், பத்தாம் நாள் தெம்பு வந்ததும் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கப் போகிறவர்களும் உண்டு. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதே வழக்கமான அறிவுரை. தண்ணீர் கேன், சமையல் சிலிண்டர், அரிசி மூட்டை, பேரக்குழந்தை எல்லாம் இதில் அடங்கும். ‘ஏதாவது வேண்டுமானால் சொல்’ என்று சொல்லிவிட்டுப் போகும் நண்பரிடம் எந்த நோயாளியும் எதையும் கேட்பதில்லை. ‘செவ்வாயும் வெள்ளியும் காலையில் வந்து கேனை மாற்றிவிட்டுப் போகிறேன்’ என்று சொல்பவரின் உதவிதான் உண்மையில் வந்து சேர்கிறது. டூவீலர் ஓட்டுவதையும், பின்னால் உட்கார்ந்து மேடுபள்ளத்தில் குலுங்குவதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளிப்போட வேண்டும்.

குழாய் எடுத்த பிறகு

நண்பர்கள் வருவது குறைவதும், நோயாளிக்கு உண்மையான சோதனை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடக்கின்றன. குழாய் எடுத்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீர் கசியும். எழும்போது, இருமும்போது, சிரிக்கும்போது கசியும். பலருக்கு மூன்று மாதங்களில் பெரிதும் குறைகிறது, மற்றவர்களுக்கு ஓராண்டுவரை படிப்படியாகக் குறைந்துகொண்டே வருகிறது. இந்த இடைவெளியில் செய்யப்படும் முதல் தவறு, தண்ணீரைக் குறைப்பது. குறைத்தால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் கூடும், தொற்றும் வரும். குறைக்க வேண்டியவை காபி, டீ, மது ஆகியவையே.

இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியைத் தவறாகச் செய்வது இன்னொன்று. 1948இல் ஆர்னால்ட் கெகல் என்ற மருத்துவர் விவரித்து எழுதியதால் கெகல் பயிற்சி என்று வழங்கும் இதில், வாயு வெளியேறாமல் அடக்கும்போது எந்தத் தசை உள்ளிழுக்கிறதோ அதை மட்டுமே இறுக்க வேண்டும். பலர் பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். இதனால் அழுத்தம் கீழ்நோக்கி வந்து கசிவு கூடுகிறது. ஐந்து முதல் பத்து விநாடி இறுக்கி, அதே அளவு தளர்த்தி, ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்வது வழக்கம். குழாய் உள்ளே இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். இயன்றால் அறுவைக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொள்வது நல்லது.

கசிவுக்குப் பயந்து வீட்டோடு முடங்குவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. காலை நடைக்குழு, டீக்கடை அரட்டை, கோயில், கல்யாணம் என்று ஒவ்வொன்றாக விடுகிறார். காரணம் சொல்லாததால் ‘ஆளே மாறிவிட்டார்’ என்று நண்பர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒருவரிடமாவது ‘எனக்குக் கசிகிறது, பேட் கட்டியிருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டால், அவர் கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்துச் சந்திப்பை ஏற்பாடு செய்வார், பயணத்தில் யாரும் கேட்பதற்கு முன் வண்டியை நிறுத்தச் சொல்வார், மண்டபத்தில் கடைசி வரிசையில் இடம் பிடித்துவைப்பார். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது அரிது. ஏதோ ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போதுதான் பேச்சு வருகிறது. ஆண்களின் உடல்நலத்துக்காக உலகெங்கும் நிதி திரட்டும் மொவெம்பர் இயக்கம்கூட, 2003இல் மெல்பர்னில் இரண்டு நண்பர்கள் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு மீசை வளர்த்ததிலிருந்து தொடங்கியதுதான்.

ஒப்பீடு கூடவே கூடாது. ‘என் மைத்துனருக்கு ஒரே மாதத்தில் நின்றுவிட்டது’ என்று நண்பர் சொல்வது ஊக்கம் போலத் தோன்றினாலும், கேட்பவருக்குத் தம்மிடம்தான் குறை என்று படுகிறது. வயது, கட்டியின் பரவல், நரம்பு காக்கப்பட்டதா என்பது எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. ஓராண்டு கடந்தும் கசிவு நீடித்தால் சிறுநீர்ப் பாதையைத் தாங்கும் பட்டை, செயற்கைத் தடுப்பு வால்வு போன்ற சிகிச்சைகள் இருக்கின்றன; ‘இனி இப்படித்தான்’ என்று காலம் முழுக்கப் பேட் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கசிவு நின்று, ஆனால் சிறுநீர் மெல்லிய நூலாக இறங்கினால் அதுவும் நல்ல அறிகுறி அன்று. இணைப்பிடம் சுருங்கியிருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பேசப்படாத மற்றொன்று

விறைப்புத்தன்மை திரும்புவதற்குப் பதினெட்டு மாதம், இரண்டு ஆண்டுகூட ஆகலாம். சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். விந்து வெளிவராது, ஆனால் உச்ச உணர்வு இருக்கும். இதை மருத்துவமனையில் யாரும் விளக்கிச் சொல்லாதபோது, ஆண் தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணிக்கொண்டு மனைவியின் தொடுகையையே தவிர்க்கத் தொடங்குகிறார். மனைவியோ தன்மீது வெறுப்பு என்று எண்ணிக்கொள்கிறார். இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம் இது. நண்பர்கள் இதில் கேலி பேசுவது, விளையாட்டாகச் சொன்னாலும், பல ஆண்டு நட்பை ஒரே வரியில் முறித்துவிடும். தம்மிடம் இருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு: நெஞ்சுவலிக்காக நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளை எடுப்பவர், விறைப்புக்கான சில்டெனாபில் (வயாகரா) வகை மாத்திரையைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிர் போகக்கூடும்.

வாட்ஸ்அப்பில் வரும் புற்றுநோய்க் கஷாயங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கு எந்த மூலிகை எப்படி வேலை செய்யும் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. ‘தைரியமாக இரு’ என்ற சொல்லையும் அளந்தே பயன்படுத்த வேண்டும். பயத்தைச் சொல்ல வாய் திறந்தவரின் பேச்சை அது பாதியில் அடைத்துவிடுகிறது. தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கும் மருத்துவ உதவி தேவை.

பிஎஸ்ஏ பரிசோதனை

உடம்பு தேறிவிட்டது என்று தொடர் பரிசோதனையை விட்டுவிடுவது, கவனிக்கப்படாமலே போகும் தவறு. பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். சுரப்பி எடுக்கப்பட்ட பிறகு இரத்தத்தில் அது ஏறக்குறைய அளவிட முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். முதல் பரிசோதனை ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் செய்யப்படுகிறது. பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும், ஆண்டுகள் கடந்தபின் ஆண்டுக்கு ஒருமுறையும் தொடர்கிறது. அளவு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் அல்லது அதற்கு மேல் ஏறி, மறுமுறை பார்த்தபோதும் அப்படியே இருந்தால், நோய் திரும்பியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அளவு குறைவாக இருக்கும்போதே தொடங்கப்படும் கதிர்வீச்சு கூடுதல் பலன் தரும் என்பதால் இங்கே தாமதம் நோயாளிக்கே இழப்பு. இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பார்ப்பதும், எல்லா முடிவுகளையும் பயாப்ஸி அறிக்கையோடு ஒரே கோப்பில் வைத்திருப்பதும் நல்லது. முடிவு வரும் நாளில் மருத்துவரின் அறைக்குத் தனியே போகாமல் நண்பர் ஒருவரை உடன் அழைத்துப் போய், பதற்றத்தில் நோயாளியின் காதில் விழாமல் போவதை அவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். அடுத்த பரிசோதனைத் தேதியையும் அவர் கைபேசியில் பதிந்துவைத்து, ஒரு வாரத்துக்கு முன்பே அழைத்து நினைவூட்டட்டும்.