கருவாட்டு லேபிள்: இங்க்ஸ்கேப்பில் வரைந்த நிறம் அச்சில் கெடாமல் இருக்க

பாம்பன் பாலத்திலிருந்து பார்க்கும் கடலின் பச்சை கலந்த நீலத்தை இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில், திரையில் எளிதாகக் கொண்டுவந்துவிடலாம். சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நாலு மையில் அது அதே பளபளப்போடு வராது. திரை தானே ஒளிர்கிறது. காகிதத்தில் இருக்கும் மையோ தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே இங்கே நம் வேலை, எந்த நிறம் எப்படி மங்கும் என்பதை அச்சகத்துக்கு அனுப்பும் முன்பே பார்த்துத் திருத்துவது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கருவாட்டுப் பாக்கெட் லேபிள்: 90 × 120 மி.மீ., கடல் நிறப் பின்னணி, கருப்பு எழுத்து, மிளகாய்ச் சிவப்பில் ஒரு பட்டை. முண்டு மிளகாய்க்கோ கருப்பட்டிக்கோ லேபிள் செய்தாலும் இதே வழிதான்.

முதலில் அச்சகத்தில் ஒன்று கேளுங்கள்: ஆர்ட் பேப்பரா (பூச்சுள்ள காகிதம்), மேப்லித்தோவா (பூச்சில்லாதது)? மேப்லித்தோ மையை உறிஞ்சும், நிறம் அமுங்கும். ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா39, மேப்லித்தோவுக்கு ஃபோக்ரா52 ஐசிசி ப்ரொஃபைல் பொருந்தும். ப்ரொஃபைல் என்பது அந்த மையும் காகிதமும் சேர்ந்தால் எந்த நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு. சிவகாசியிலோ மதுரையிலோ நீங்கள் அச்சடிக்கும் இடத்தில் தங்கள் எந்திரத்துக்கென்று ப்ரொஃபைல் கொடுத்தால் அதையே வாங்கிப் போடுங்கள்.

இங்க்ஸ்கேப்பில் செய்ய வேண்டியது

ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகையில் சிஎம்ஒய்கே (அந்த நாலு மையின் சுருக்கப் பெயர்) என்று ஒரு வசதி தெரியும். அதை நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம். அங்கே கருப்பு 100 என்று போட்டாலும் கோப்பில் பதிவாவது ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி) எண்தான். 1.4 பதிப்பு வரை இங்க்ஸ்கேப் எழுதும் பிடிஎஃப்பும் ஆர்ஜிபிதான். வரைவதை இங்கே வைத்துக்கொண்டு, அச்சு நிறத்தை ஸ்கிரைபஸ் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில் முடிவு செய்வதே சரி.

பின்னணியை நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக இழுத்து 96 × 126 மி.மீ. ஆக்குங்கள். வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளை ஓரம் தெரியாது.

அடுத்து, எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் திறந்து, இன்புட்/அவுட்புட் பகுதியில் கலர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போங்கள். டிவைஸ் ப்ரொஃபைலாக உங்கள் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, அச்சைத் திரையில் காட்டும் பெட்டியையும், எல்லை மீறிய நிறங்களை அடையாளம் காட்டும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். வியூ மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் இயங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாற்றமும் தெரியாது. கடல் நிறம் முழுக்க எச்சரிக்கை நிறத்தால் மூடிக்கொண்டால், அந்தப் பளபளப்பு அச்சில் கிடைக்காது என்று அர்த்தம்.

மூல கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, நகலில் எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். தமிழ் எழுத்து உடைந்து கொம்பும் காலும் இடம் மாறுவதை இது தடுக்கும். நிழல், மங்கல் போன்ற ஃபில்டர்களை நீக்கிவிடுங்கள், ஸ்கிரைபஸ் அவற்றை எடுத்துக்கொள்ளாது.

ஸ்கிரைபஸில்

1.6 பதிப்பில் 90 × 120 மி.மீ. ஆவணம் திறந்து, பிளீட் (வெட்டுக்கு விட்ட கூடுதல் ஓரம்) 3 மி.மீ. கொடுங்கள். டாக்குமென்ட் செட்டப்பில் கலர் மேனேஜ்மென்ட்டை இயக்கி, பிரிண்டர், சிஎம்ஒய்கே இரண்டுக்கும் அதே ப்ரொஃபைலை வையுங்கள். பிறகு இங்க்ஸ்கேப்பில் சேமித்த அந்த நகலை, அதாவது எஸ்விஜி கோப்பை, இம்போர்ட் செய்யுங்கள்.

இப்போது எடிட் மெனுவில் கலர்ஸ் அண்ட் ஃபில்ஸ் திறந்தால், எஸ்விஜியிலிருந்து வந்த ஒவ்வொரு நிறமும் பட்டியலில் நிற்கும். ஒவ்வொன்றையும் திறந்து மாடலை சிஎம்ஒய்கே ஆக்கி, எண்களை நீங்களே போடுங்கள். தானாக மாற்ற விட்டால் கருப்பு எழுத்து நாலு மையும் கலந்ததாகிவிடும், நாலின் அளவையும் கூட்டினால் 300 சதவீதத்தைக்கூடத் தாண்டலாம். கடலோரத்து ஈரக்காற்றில் காகிதம் ஈரம் குடித்து விரியும். நாலு மையும் ஒரே இடத்தில் விழாமல் ஒரு நூல் விலகினால் போதும், பொடி எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகப் பிசிறு தெரியும்.

எழுத்துக்குக் கருப்பு 100 மட்டும், மற்ற மூன்றும் 0. கடல் நிறத்துக்கு சயான் 70, மஞ்சள் 25 வைத்துத் தொடங்கலாம். மிளகாய்ச் சிவப்புக்கு மெஜந்தா 100, மஞ்சள் 100, சயான் 15. அடர்நீலம் வேண்டுமென்றால் மெஜந்தாவை சயானைவிடக் குறைந்தது 30 புள்ளி கீழே வையுங்கள், இல்லாவிட்டால் கத்திரிப்பூ நிறமாகிவிடும். பெரிய கருப்புப் பட்டைக்குக் கருப்பு 100 மட்டும் போட்டால் சாம்பல் அடித்ததுபோல வெளிறும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 சேர்த்தால் 240 சதவீதத்தில் நல்ல கருப்பு கிடைக்கும். அதைப் பொடி எழுத்துக்குப் போடாதீர்கள்.

நிறப் பின்னணிமேல் கருப்பு எழுத்து இருந்தால், அதன் நிறப் பகுதியில் நாக்அவுட்டை (அடியிலுள்ள நிறத்தை வெட்டிவிடுவது) ஓவர்பிரிண்ட் (அதன் மேலேயே அச்சடிப்பது) ஆக மாற்றுங்கள். எழுத்துக்கு அடியில் கடல் நிறம் அறுபடாமல் ஓடும். மை விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது.

அனுப்பும் முன்

பைல் மெனுவில் அவுட்புட் ப்ரிவ்யூ திறங்கள் (கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற துணை மென்பொருள் நிறுவியிருக்க வேண்டும்). கருப்பு மையின் டிக்கை எடுங்கள். எழுத்து முழுக்க மறைய வேண்டும். நிழலாக ஏதாவது மிஞ்சினால் இன்னும் அது நாலு மைக் கருப்பு. இதைவிட எளிய சோதனை கிடையாது. மை அளவைக் காட்டும் வசதியில் 300ஐத் தாண்டும் இடங்களையும் குறையுங்கள். இல்லாவிட்டால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும்.

பிடிஎஃப் எடுக்கும்போது பிரிண்டர் என்ற இலக்கு, பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ (அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்) வகை, டாக்குமென்ட் பிளீட், கட்டிங் மார்க் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஒளி ஊடுருவும் பொருள்கள் இந்த வகையில் சரியாக வராது, முன்பே நீக்குங்கள். கடை வாசல் ஃபிளெக்ஸுக்கு இந்த மெனக்கெடல் வேண்டியதில்லை. அந்த எந்திரத்தின் மென்பொருளே ஆர்ஜிபியை மாற்றிக்கொள்ளும்.

அச்சகம் தரும் ப்ரூஃபை (மாதிரி அச்சை) டியூப்லைட்டில் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் பகல் வெளிச்சத்தில் நிழலில் வைத்துப் பாருங்கள். ராமேஸ்வரம் கடைத்தெருவில் வெயில் படத் தொங்கப்போகும் பாக்கெட் என்றால் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளிறும், சிவப்புப் பட்டைதான் முதலில் போகும். பொருளின் பெயரைச் சிவப்பில் வைக்காமல் கருப்பில் வையுங்கள்.