கேப் காட் கால்வாய்க் கரையிலிருந்து ஸ்ட்ரைப்பர் மீன் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், படகு இல்லாதவரும் பெரிய கடல்மீனைத் தூண்டிலில் பிடிக்கக்கூடிய இடங்களில் கேப் காட் கால்வாய்க்குத் தனியிடம் உண்டு. 1914இல் திறக்கப்பட்ட இந்தக் கால்வாய் ஏறத்தாழ 146 மீட்டர் அகலமும் 10 மீட்டர் ஆழமும் கொண்டது. இரு கரையிலும் கார்கள் வராத தார்ச்சாலை நெடுக ஓடுவதால், சைக்கிளில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு வந்து விரும்பிய இடத்தில் இறங்கிக்கொள்கிறார்கள். கால்வாய்க்குள் படகிலிருந்து மீன்பிடிக்கத் தடை இருக்கிறது.

இங்கு எல்லோரும் தேடி வருவது ஸ்ட்ரைப்டு பாஸ் என்னும் மீன், பேச்சுவழக்கில் ஸ்ட்ரைப்பர். வெள்ளி நிற உடலில் ஏழெட்டுக் கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும். நம் ஊர்க் கொடுவா முட்டையிடுவதற்காக ஆற்றிலிருந்து கழிமுகத்தை நோக்கி இறங்கும் என்றால், இது அதற்கு நேர்மாறாகக் கடலில் வளர்ந்து, செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளிலும் ஹட்சன் ஆற்றிலும் ஏறி முட்டையிடுகிறது. பிறகு இரை தேடி வடக்கே வருவதால், மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை கால்வாயில் கிடைக்கும்.

முதலில் அனுமதியும் விதிகளும்

பதினாறு வயது நிரம்பியவர்கள் மாநிலத்தின் கடல் மீன்பிடி அனுமதிச் சீட்டை வாங்கியிருக்க வேண்டும். 2023 முதல் நடைமுறையில் உள்ள வரம்பின்படி, 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்தை எட்டாமலும் இருக்கும் மீன் ஒன்றை மட்டுமே ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றை நீரில் விட்டுவிட வேண்டும். இறந்த இரையோ உயிருள்ள இரையோ பயன்படுத்தினால், நுனி உள்நோக்கி வளைந்த தூண்டில் கொக்கியான வட்ட முள் கட்டாயம். ஆற்று ஹெர்ரிங் மீனை எக்காரணம் கொண்டும் இரையாக்கக் கூடாது. அதைப் பிடிப்பதே 2006 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், பருவம் தொடங்கும்போது மாநிலக் கடல்மீன் துறையின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

கருவிகள்

பத்து அல்லது பதினோரு அடி நீளத் தூண்டில் கோல், அதற்கேற்ற பெரிய ஸ்பின்னிங் ரீல் (நரம்பைச் சுற்றும் உருளை), 50 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு, அதன் முனையில் மூன்று அல்லது நான்கு அடி நீளத்துக்கு 50 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (இரையோடு இணைக்கும் முன்நரம்பு) ஆகியவை தேவை. இரையாக, வால் ஆடும் ரப்பர் மீன் பொருத்திய 3 முதல் 4 அவுன்ஸ் ஜிக் (தலையில் எடை வார்த்த கொக்கி) ஒன்றையே தொடக்கத்தில் பரிந்துரைப்பேன். கடைக்காரர் காட்டும் வண்ண வண்ணப் பொய்மீன்களை முதல் பருவத்தில் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் அடிப்பகுதியில் இரும்பு ஆணி பதித்த காலணியை வாங்குங்கள். கரை முழுவதும் பாறைகள் அடுக்கப்பட்டுள்ளன. நீர் வற்றும்போது வெளிப்படும் பாறைகளின் மீது பச்சைப்பாசி மெழுகிவிட்டதைப் போலப் படர்ந்திருக்கும். சாதாரண ரப்பர் செருப்பு அதில் ஒரு நொடிகூட நிற்காது.

நீரோட்டத்தைப் படித்தல்

புதியவர்கள் இரையைப் பற்றியே கேட்கிறார்கள். கேட்க வேண்டியது நீரோட்டத்தைப் பற்றி. கால்வாயின் கிழக்கு முனையிலுள்ள கேப் காட் விரிகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 9 அடி வேறுபாடு உண்டு. மேற்கு முனையிலுள்ள பஸ்ஸர்ட்ஸ் விரிகுடாவில் அது 4 அடி அளவுதான். ஏற்றம் வரும் நேரமும் இரு முனைகளுக்கும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வேறுபடுகிறது. இந்த மட்ட வேறுபாடே கால்வாய் நீரை ஒரு பக்கமாகத் தள்ளி, சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. உச்சத்தில் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டரைத் தாண்டும். ஆகவே, ஏற்றவற்ற அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா இந்தக் கால்வாய்க்கென வெளியிடும் நீரோட்ட அட்டவணையில் ஓட்டம் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருப்பத்துக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் ஓட்டம் தணிந்திருப்பதால், ஜிக் அடித்தரையைத் தொடுவதும் எளிது, மீன் மேலெழுந்து இரை தேடுவதும் அதிகம். விடியலும் இந்தத் திருப்பமும் ஒன்றாக அமையும் நாளே சிறந்த நாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் மிகக் கடுமையாகவும் கரை மிக நெரிசலாகவும் இருக்கும். அனுபவசாலிகள் அந்த நாட்களையே விரும்பினாலும், கற்றுக்கொள்பவருக்கு அஷ்டமியை ஒட்டிய நாட்களே ஏற்றவை.

வீசுதலும் இழுத்தலும்

எதிர்க்கரையைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் இடமிருந்து வலமாக ஓடினால், பத்து மணித் திசையில், ஓட்டத்துக்கு எதிராக வீசுங்கள். ரீலில் நரம்பு ஓடாமல் தடுக்கும் கம்பி வளையத்தை உடனே மூடாமல் நரம்பை ஓடவிடுங்கள். ஜிக் தரை தொட்டதும் நரம்பு ஒரு கணம் தளரும். அப்போது வளையத்தை மூடி, தளர்வைச் சுற்றியெடுத்து, கோலின் நுனியை ஓரடி உயர்த்தித் தாழ்த்துங்கள். ஓட்டம் ஜிக்கைக் கொண்டுபோக, கல்லில் அது தட்டித் தட்டிச் செல்வது கைப்பிடிவரை தெரிய வேண்டும். தட்டுவதே தெரியவில்லை என்றால் எடை போதவில்லை. ஒவ்வொரு வீச்சிலும் சிக்கிக்கொண்டால் எடை மிகுதி. ஒரு மணித் திசையைக் கடக்கும்போது நரம்பு இறுகி ஜிக் தரையைவிட்டு எழும். அந்த எழுச்சியில் மீன் கடிப்பது உண்டு என்பதால் இரண்டொரு நொடி பொறுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். பக்கத்தில் நிற்பவர் வீசியபின் நீங்கள் வீசுவது இக்கரையின் எழுதப்படாத ஒழுங்கு. அதை மீறினால் இருவர் நரம்பும் பின்னிக்கொள்ளும், வசவும் கேட்க வேண்டியிருக்கும்.

கடித்த பிறகு

ஜிக் என்றால் கோலை உறுதியாக ஒருமுறை உயர்த்திக் கொக்கியைப் பதியவிடுங்கள். வட்ட முள்ளில் அப்படிச் செய்தால் முள் வாயிலிருந்து கழன்றுவிடும். ஆகவே நரம்பை மெல்ல இறுக்கினாலே போதும். மீன் வலுவாக இழுக்கும்போது நரம்பைச் சற்று விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக் பிடியை 12 முதல் 15 பவுண்டு இழுவைக்கு முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். மீன் ஓட்டத்தோடு ஓடும். அதை நின்ற இடத்திலிருந்தே இழுத்து நிறுத்த முயலாமல், அருகிலிருப்பவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டு, சாலைக்கு ஏறி அதனுடன் நடந்துசெல்லுங்கள்.

கரைக்கு வந்த மீனைப் பாறையில் தேய்த்து இழுக்காதீர்கள். கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைப் பற்றி, குறடால் கொக்கியை எடுங்கள். வாயை மூடி, வாலின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து நீளத்தை அளக்க வேண்டும். அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் விடுவிக்கப்படும் மீன்களில் 9 விழுக்காடு பின்னர் இறந்துவிடுவதாகக் கொண்டே இருப்பைக் கணக்கிடுகிறது. எனவே அளவுக்குள் வராத மீனைப் படம் எடுப்பதற்காக நெடுநேரம் வெளியே வைத்திருக்காமல், ஓட்டத்தை நோக்கி அதன் முகம் இருக்குமாறு நீரில் பிடித்து, அதுவே வாலை உதறிப் போகும்வரை விடாதீர்கள். வைத்துக்கொள்ளும் மீனை உடனே கொன்று இரத்தம் வடியவிட்டு, பனிக்கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள்.