ரிசல்யூஷனைக் கூட்டினால் பிரிண்டர் வேகம் எவ்வளவு குறையும்? நாமே அளந்து பார்க்கலாம்

பெரிய லேசர் பிரிண்டரில் நூற்றுக்கணக்கில் பக்கம் அடிக்கும்போது ரிசல்யூஷன் 600 டிபிஐ (ஒரு அங்குலத்தில் 600 புள்ளி) போதுமா, 1200 வைக்கலாமா என்ற கேள்வி வரும். விளம்பரத்தில் போட்டிருக்கும் 'நிமிடத்துக்கு இத்தனை பக்கம்' இதற்குப் பதில் சொல்லாது. நம் ஃபைலை நம் மெஷினில் ஓட்டி அளந்தால்தான் தெரியும். ஒரு செல்போனும் ஒரு ரீம் பேப்பரும் போதும்.

ஒரு ஏ4 பக்கத்தில் 300 டிபிஐயில் சுமார் 87 லட்சம் புள்ளிகள். 600இல் சுமார் 3 கோடியே 48 லட்சம், அதாவது நான்கு மடங்கு. ஆனால் நேரம் அப்படியே நான்கு மடங்காவதில்லை. ஃபைலைப் புள்ளிகளாக மாற்றுவது ஒரு வேலை. இதை ரிப் என்பார்கள். பேப்பரை இழுத்து, டோனரைப் பதித்து, சூடாக்கி வெளியே தள்ளுவது இன்னொரு வேலை. இரண்டில் எது மெதுவோ, வேகம் அதன் கையில். அதனால் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

முதலில் 50 பக்க பிடிஎஃப் இரண்டு தயார் செய்யுங்கள். ஒன்றில் எழுத்து மட்டும், மற்றதில் முழுப்பக்கப் படங்கள். 50 பக்கமும் வெவ்வேறாக இருக்க வேண்டும். பெரும்பாலான அளவீடு கெட்டுப்போவது இங்கேதான். ஒரே பக்கத்தை 50 காப்பி அடித்தால், மெஷின் ஒருமுறை ரிப் செய்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப அடிக்கும். நாம் அளப்பது பேப்பர் ஓடும் வேகத்தை மட்டும்தான். பிடிஎஃப்புக்குள் ஒரே படத்தை 50 முறை ஒட்டினாலும் சில மெஷின்கள் இதையே செய்யும். எல்லா ரிசல்யூஷனிலும் ஒரே வேகம் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் இரண்டு ஃபைலையும் ஒவ்வொரு ரிசல்யூஷனிலும் அடியுங்கள். மற்ற செட்டிங் எல்லாம் மாறாமல் இருக்கட்டும்: ஒரே டிரே, ஒரே பேப்பர், ஒருபக்க அச்சு. பேப்பர் வகையில் 'தடிமன்' என்று இருந்தால் ரிசல்யூஷன் எதுவானாலும் வேகம் குறையும். வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் மெஷினை ஒரு பக்கம் அடித்து எழுப்பிவிட்டு ஆரம்பியுங்கள்.

நேரம் பார்க்க ஸ்டாப்வாட்சை விட வீடியோதான் எனக்குப் பிடித்தது. கணினித் திரையும் பேப்பர் விழும் டிரேயும் தெரிகிற மாதிரி போனை நிறுத்துங்கள். பிரிண்ட் கொடுத்த நேரம், முதல் பக்கம் விழுந்த நேரம், கடைசிப் பக்கம் விழுந்த நேரம் மூன்றையும் பிறகு நிதானமாகக் குறித்துக்கொள்ளலாம்.

முதல் பக்கம் விழும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எனவே 50ஐ அல்ல, 49ஐ விநாடிகளால் வகுத்து 60ஆல் பெருக்க வேண்டும். 84 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 35 பக்கம். முதல் பக்கம் வரும்வரை ஆன காத்திருப்பைத் தனியாக எழுதுங்கள்.

சரி, எண்கள் வந்துவிட்டன. காத்திருப்பு மட்டும் கூடி, பிறகு சீராக ஓடுகிறதா? பெரிய வேலைகளுக்கு அது பொருட்டே இல்லை. நடுநடுவே நின்று நின்று வருகிறதா? ரிப் ஈடுகொடுக்கவில்லை, படங்களின் அளவைக் குறைத்தாலோ, மெஷினில் நினைவகம் கூட்டினாலோ பலன் கிடைக்கும். சீராகவே வந்து, வேகம் மட்டும் சரிபாதியாகிறதா? 1200இல் மெஷினே ஓட்டத்தைப் பாதியாக்கிக்கொள்கிறது. சில மாடல்கள் அப்படித்தான். நினைவகம் வாங்கிப் போட்டுப் பயனில்லை. வினாத்தாள், பில் போன்ற எழுத்து வேலைக்கு 600க்கு மேல் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

பின்சேர்க்கை: இங்க்ஜெட்டுக்கும் இதே முறையா என்று சிலர் கேட்டார்கள். அளக்கும் முறை இதேதான், காரணம் வேறு. சாதாரண இங்க்ஜெட்டில் ரிசல்யூஷன் கூடினால் மை தெளிக்கும் ஹெட் அதிக முறை குறுக்கே போய்வர வேண்டும். ஹெட் அசையாமல் பேப்பர் மட்டும் ஓடும் பெரிய மெஷினில், ஹெட்டில் உள்ள ஒரு துளை விநாடிக்கு 40,000 துளி மை விடும் என்றால், 600 டிபிஐக்குப் பேப்பர் நிமிடத்துக்குச் சுமார் 100 மீட்டர் வரை ஓடலாம். 1200க்கு 50 மீட்டர்தான்.